பூசணிக்காய்க்குச் செவ்வாய் தோஷம்

கே.கே. நகரில் அந்தத் தெரு செவ்வாய்க்கிழமைதோறும் அடைத்துக்கொள்ளும். காரணம், செவ்வாய்ச் சித்தர். போன வருஷம்வரை அவர் வேளச்சேரியில் வாஸ்து நிபுணர். அவர் திருத்திக் கொடுத்த வீடுகளுக்குள் மழை வெள்ளம் முறைப்படி ஈசானிய மூலை வழியாகவே நுழைந்தது. அதன் பிறகு மனிதர் பூமியை விட்டுவிட்டுக் கிரகத்துக்கு மாறிவிட்டார். அங்கே வெள்ளம் வராது அல்லவா?

வரிசையில் மயிலாப்பூர் குருபிரசாத்தும் அவன் அம்மா ஜானுவும் நின்றார்கள். குருவின் குறை இதுதான்: யாராவது பார்த்தால் முகம் சிவந்துவிடும். பேர் கேட்டால் காதும் சிவக்கும். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில், "பையன் எதையோ மறைக்கிறான்" என்று சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிறு அடையாறில் அனன்யா வீடு. போனில் நாலு தரம் பேசியதிலேயே அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவும் கெட்டுப்போகுமோ என்றுதான் பயம்.

அபிராமபுரம் டாக்டர் ஜஹனாரா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கூச்சம் வந்தால் முகத்து ரத்தக் குழாய்கள் விரியும். சிவந்துவிடுமோ என்று பயந்தால் இன்னும் சிவக்கும். சிலருக்கு வெயில், காரம், மாத்திரை, தோல் நோய்கூடக் காரணமாகலாம். இவனுக்கு அதெல்லாம் இல்லை, பயத்தைக் குறைக்கப் பழகினால் போதும். பாவம், ஒரு கற்பூரம்கூடக் கொளுத்தாமல் சொன்னார். ஜானு எப்படி நம்புவாள்?

முறை வந்தது. குரு போய் முன்னால் உட்கார்ந்தான். சித்தர் குருவின் கன்னத்தில் சந்தனத்தை அப்பினார். செம்பிலிருந்த தீர்த்தத்தில் வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்தார். துணி ரத்தச் சிவப்பு!

"செவ்வாய் முகத்துல ஏறி உக்காந்திருக்கு. ஒரு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. மீறினா பொண்ணு உசுருக்கு ஆபத்து."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஐயய்யோ! இப்பவே அவாத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று ஜானு கைப்பையைத் திறந்தாள். குருவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரு மாமி, போனை உள்ள வையி."

பின்னால் நின்ற செண்பகம் முன்னே வந்தாள். கல்யாணங்களுக்கு ஆரத்தித் தட்டு அலங்கரித்து வாடகைக்கு விடுகிறவள். மகளுக்கு வரன் அமையவில்லை என்று அவளும் இங்கே வந்தவள்தான்.

"இன்னா சாமி, சந்தனத்துல மஞ்சள் வாசனை வருது? தண்ணி வேற சுண்ணாம்புத் தண்ணி மாதிரி கீது? ரெண்டும் சேந்தா செவக்கும். இருபது வருசமா இதான் என் பொழப்பு."

அங்கே நின்ற அத்தனை பேரும் ஆரத்தி பார்த்தவர்கள். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. பக்தி வந்தால் வேறெதுவும் வராது போலும்.

செண்பகம் அந்தச் சந்தனத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் பூசி, வேறொரு வெள்ளைத் துணியைத் தீர்த்தத்தில் நனைத்துத் துடைத்தாள். துணி சிவந்தது.

சித்தர் அசரவில்லை. "அந்தச் சேர்ல தோஷக்காரங்க உக்காந்திருக்காங்கம்மா."

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. ஆடும் தலைக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

குரு எழுந்தான். எல்லாக் கண்களும் அவன்மேல் விழுந்தன. காதுமடல்வரை சிவந்தது. சிவந்தால் சிவக்கட்டும் என்று விட்டுவிட்டான். திருஷ்டி சுற்ற வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கி, சந்தனம் பூசி, இன்னொரு துணியைத் தீர்த்தத்தில் நனைத்துத் துடைத்தான். துணி செக்கச்செவேல்!

"சாமி, இதுக்கும் ஒரு வருஷம் கல்யாணம் பண்ணக் கூடாதா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. சித்தர் "அவசர தியானம்" என்று உள்ளே போனார். பின்பக்கம் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

குரு அம்மாவின் போனை வாங்கி அனன்யாவை அழைத்தான்.

"ஞாயித்துக்கிழமை என் முகம் செவக்கும். எதையும் மறைக்கலை. கூச்சம், அவ்வளவுதான்."

"எனக்குப் பதட்டமானா வாய் ஓயாது. நீங்க செவந்துண்டு இருங்கோ, நான் பேசிண்டு இருக்கேன்" என்றாள் அனன்யா. குருவுக்குச் சந்தோஷத்தில் இன்னும் சிவந்தது.

ஜானு மட்டும் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டா, ஒரு போலிச் சாமியாரையே ஓட்டிடுத்தே! இதுல ஏதோ சக்தி இருக்கு. ஆத்துக்கு எடுத்துண்டு போய்ப் பூஜையில வெச்சுக்கலாமா?"

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்கினு போய்க் கூட்டு வையி மாமி. கும்புடறதுக்கு முன்னாடி ஒரு தபா யோசி. மண்டைக்குள்ள வெறும் விதை கீறது பூசணிக்காய்க்குத்தான்!"