விதையில்லாத கத்தரிக்காய்

சின்னராஜ் விடிவதற்கு முன்பே எழுந்தான். குழாயில் தண்ணீர் பிடித்தான். முகம் மழித்தான். ஸ்டவ் மேல் அடுக்கியிருந்த செய்தித்தாள்களில் நேற்றையதை எடுத்துப் படித்தான். மனைவி ராஜாத்தி இறந்த பிறகு அந்த ஸ்டவ் செய்தித்தாள் வைக்க மட்டும்தான் பயன்பட்டது. டீக்கடையில் ஒரு பன், ஒரு டீ. பிறகு கம்பெனி பஸ். பிறகு ஓசூரைத் தாண்டி, கிருஷ்ணகிரி ரோட்டில் ஃபேக்டரி. பெர்சனல் டிபார்ட்மென்டில் அவனுடைய மேஜை.

அங்கே உட்கார்ந்து அவன் மத்தியானத்துக்காகக் காத்திருப்பான். கேட்டுக்கு எதிரே எல்லப்பனின் மிலிட்டரி ஓட்டல் இருந்தது. அங்கே பகலில் மட்டும் மட்டன் வறுவல் கிடைக்கும். இந்தப் பத்து மாதத்தில் அவன் நாக்குக்கு ருசி தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

அன்றைக்கு ஒர்க்ஸ் மேனேஜர் நாராயணப்பன் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜெர்மனியிலேருந்து கிரைண்டிங் மெஷின் மாட்ட ஆள் வராங்க. ஒரு லேடி. மூணு வாரம் இருப்பாங்க."

"சரிங்க சார்."

"சைவமாம். டெலக்ஸ் வந்திருக்குது."

"ஜெர்மன்காரங்க சைவமா சார்?"

"என்னையக் கேட்டா? இந்த டெலக்ஸ அனுப்பினது நானா? கேன்டீன் இன்னும் கட்டி முடிக்கல. தெனம் மத்தியானம் ஊருக்குள்ள ஓட்டிட்டுப் போக கார் இல்ல. எதிர்த்தாப்ல ஒரு ஓட்டல் இருக்குதில்ல?"

"அது மிலிட்டரி ஓட்டல் சார்."

"சைவமா மாத்து."

சின்னராஜ் நின்றான்.

"என்னாய்யா நிக்கற? உன் கன்ஃபர்மேஷன் ரெண்டு தடவ தள்ளிப்போச்சு. பையன் முழிச்சுக்கிட்டே தூங்கறான்னு மேல சொல்றாங்க. அந்தம்மா சிரிச்ச மொகமா ஊருக்குப் போனா அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். மொகத்தச் சுளிச்சா நீ வேற எடம் பார்த்துக்க."

எல்லப்பன் முழுவதையும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சார், என் ஓட்டல்ல கறிய எடுத்துட்டா மிச்சம் பெஞ்சுதான் இருக்கும்."

"கேன்டீன் காண்ட்ராக்ட் உனக்குத்தான்னு மேனேஜர் சொல்லச் சொன்னாரு."

எல்லப்பன் வாசல் போர்டை அண்ணாந்து பார்த்தான். அதில் ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. "அவன என்னா பண்றது?"

சேவல் மேல் பூசணிக்காய் வரைந்தார்கள். வால் மட்டும் மறையவில்லை. பூசணிக்குக் கொடி என்று விட்டுவிட்டார்கள்.

மெஷின் ஷாப்பில் விஷயம் பரவி, லேத் ஆபரேட்டர் முனிராஜ் தலைமையில் நாலு பேர் ஓட்டலுக்கு வந்தார்கள்.

"கறி கெடையாதுன்னா ஸ்ட்ரைக்குதாண்ணா. யூனியன்ல சொல்லியாச்சு."

அதனால் கறிச்சட்டி பின்பக்க அறைக்குப் போனது. சாப்பிடுகிறவர்களும் அங்கேயே போக வேண்டும். மட்டன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கத்தரிக்காய் என்று சொல்ல வேண்டும் என்று முடிவானது.

ஹில்டா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வாசல்படியில் குனிந்து வரும் உயரம். சிரித்தால் பக்கத்து ஷெட்டில் கேட்கும். மேனேஜர் அறிமுகம் செய்துவைத்தபோது அவள் சின்னராஜிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எனக்கு இங்கே காய்கறி மட்டும்தான். நீங்கள் எப்படி?"

மேனேஜரின் பார்வை சின்னராஜ் மேல் இருந்தது.

"நானும் சைவம்தான் மேடம். பிறவியிலிருந்தே."

சொல்லி முடித்த பிறகுதான் வறுவலைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டது அவனுக்கு உறைத்தது.

எல்லப்பனுக்கு ஆட்டைத் தெரியும், கோழியைத் தெரியும். பீன்ஸோடு பழக்கமில்லை. முதல் நாள் பீன்ஸ் கயிறுபோல இருந்தது. ஹில்டா மென்றுகொண்டே இருந்தாள். சின்னராஜ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றான். அப்போது முனிராஜ் உள்ளே நுழைந்தான்.

"எல்லப்பண்ணா, ரெண்டு கத்தரிக்கா! ஒண்ணுல எலும்பு வேணாம்!"

"என்ன கேட்கிறார்?" என்றாள் ஹில்டா.

"கத்தரிக்காய் மேடம். விதை இல்லாமல் கேட்கிறார்."

"விதையில்லாத கத்தரிக்காயா? அப்படி ஒரு ரகம் இருக்கிறதா?"

"ஓசூரில் மட்டும்தான் மேடம்."

"நாளைக்கு எனக்கும் அதுவே வேண்டும்."

மறுநாள் காலையில் எல்லப்பனின் மனைவி சரசம்மா கூடை நிறையக் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு கொண்டை ஊசியால் விதை எடுத்தாள்.

"எம் பொழப்பப் பாரு சார். கத்தரிக்காய்க்குப் பேன் பாக்கறேன்."

விதையில்லாத கத்தரிக்காய் இலைக்கு வந்தபோது துவைத்த துணிபோல இருந்தது. ஹில்டா ஒரு வாய் எடுத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"இவர்கள் எல்லாரும் பின்னால் போகிறார்கள். போகும்போது வாடிப்போய்ப் போகிறார்கள். வரும்போது நிம்மதியாக வருகிறார்கள். அங்கே என்ன?"

சின்னராஜ் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பான்.

"சாமி ரூம் மேடம்."

"எந்தச் சாமி?"

"முனியப்பன்."

"நான் பார்க்கலாமா?"

"நாளைக்கு மேடம். இன்றைக்குச் சாமிக்கு ஓய்வு."

எல்லப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். "பொய் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கமாட்டியா சார்? கறிச்சட்டிய முனியப்பன்னு காட்டறதா?"

சாயங்காலம் பின்பக்க அறையில் மூன்று கல் கொண்டுவந்து நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார்கள். கறிச்சட்டி இன்னும் பின்னால் போனது. மாந்தோப்பைத் தாண்டி எல்லப்பனின் மாட்டுக்கொட்டாய்க்கு. சாப்பிடுகிறவர்களும் இனி அங்கேதான். அங்கே அடுப்புப் பார்க்க அத்திப்பள்ளியிலிருந்து மாரம்மா என்று ஒருத்தியைப் புதிதாக வேலைக்கு வைத்தான். அவள் பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். ஃபேக்டரியில் யாரையும் அவளுக்குத் தெரியாது.

ஹில்டா செருப்பைக் கழற்றிவிட்டு முனியப்பனைக் கும்பிட்டாள். கற்பூரம் ஏற்றினாள். வெள்ளைக்காரியே கும்பிடுகிறாள் என்று ஷிஃப்ட் முடிந்ததும் பத்துப் பேர் வந்தார்கள். வெல்டர் கரியப்பனுக்கு நாலு வருடமாகத் தட்டிப்போன மகள் கல்யாணம் அந்த வாரம் கூடி வந்தது. அவன் மொட்டையடித்துக்கொண்டு வேலைக்கு வந்தான். வெள்ளிக்கிழமை ஓட்டல் வாசல் வரைக்கும் வரிசை நின்றது.

மேனேஜர் கொதித்துப்போய் வந்தார்.

"சாப்பாட்டு மணி முடிஞ்சு அரை மணி ஆகுது, மெஷின்ல ஒருத்தனக் காணோம்! எவன்யா இந்தச் சாமியக் கொண்டாந்தது?"

கேட்டுக்கொண்டே உள்ளே போனார். வெளியே வரும்போது நெற்றியில் விபூதி இருந்தது. மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு மாலை வந்தது.

ஆனால் சின்னராஜுக்குத் தூக்கம் வரவில்லை. ஹில்டா சரியாகச் சாப்பிடுவதில்லை.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் அவள் நடக்கப் போவாள். ஃபேக்டரியின் பின்கேட் வழியாக மாந்தோப்புப் பக்கம் போய்விட்டு வருவாள். உடம்புக்கு நல்லது என்றாள். நடந்தால் பசிக்கும் என்று சின்னராஜ் நம்பினான். பசிக்கவில்லை. வந்து உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவாள். மீதியை அவன் பக்கம் தள்ளுவாள்.

"நீங்கள் சாப்பிடுங்கள்."

"மேடம், உங்களுக்கு?"

"பேடா, பேடா."

வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்கிறாள். தோப்பில் மாடு மேய்க்கிறவர்களிடம் கற்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"சாப்பிடுங்கள். மிகவும் ஒல்லியாக இருக்கிறீர்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள்?"

"யாரும் இல்லை மேடம்."

"மனைவி?"

"இருந்தாள்."

ஹில்டா கத்தரிக்காய்க் கிண்ணத்தை முழுவதுமாக அவன் இலையில் கவிழ்த்தாள். அவன் சாப்பிட்டான்.

அவள் சாப்பிடாமல் ஊருக்குப் போனால் வேலை போய்விடும். எல்லப்பனிடம் சொல்லிப் பொரியலை இரண்டாக்கினான். கூட்டு சேர்ந்தது. வடை சேர்ந்தது. பாயசம் வந்தது. எது வந்தாலும் அது மேஜையைச் சுற்றிச் சின்னராஜின் இலைக்கு வந்து சேர்ந்தது. மறுத்தால் அவள் முகம் வாடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் தின்று முடித்தான். இரண்டாவது வாரத்தில் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்த வேண்டியிருந்தது.

"மாப்ளையாட்டம் ஆயிட்ட சார்," என்றாள் சரசம்மா. "பூரா எங் கத்தரிக்கா."

ஒருநாள் காற்று திரும்பியது. தோப்புப் பக்கமிருந்து மிளகும் கறியும் தாளித்த வாசனை நேராக ஓட்டலுக்குள் வந்தது. ஹில்டா மூக்கை உயர்த்தினாள். சின்னராஜின் வாயில் எச்சில் ஊறியது. கல்லாவில் எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்ல காற்று," என்றாள் ஹில்டா.

"கத்தரிக்காய் மேடம்," என்றான் சின்னராஜ்.

இரண்டு பேரும் விழுங்கினார்கள். 

மெஷின் ஓடியது. ஹில்டா காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும் நாளில் மேனேஜர் அறையில் சின்னராஜின் கையைப் பிடித்துக் குலுக்கியவள் விடவில்லை.

"இந்த மனிதர் தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான் மிகவும் சந்தோஷமாகப் போகிறேன்."

கார் கேட்டைத் தாண்டியது. மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"பொழச்சுக்கிட்ட. போ."

சின்னராஜ் ஆர்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எதிர் ஓட்டலில் எல்லப்பன் ஏணி போட்டுப் பூசணிக்காயைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சேவலின் தலை வெளியே வந்திருந்தது. கறிச்சட்டி இன்னும் முன்னால் வந்து சேரவில்லை. சின்னராஜ் காத்திருக்கவில்லை. மாந்தோப்பு வழியாகக் கொட்டாய்க்கு நடந்தான். நடந்தான் என்றாலும் பார்த்தவர்கள் ஓடினான் என்பார்கள்.

"ஒரு ப்ளேட் வறுவல். எலும்போட."

மாரம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"அய்யய்யோ! நீங்க சின்னராஜ் சார்தான? பேடா சார், பேடா! பாவம் சுத்திக்கும்!"

"என்னாத்துக்கு?"

"பொறவி சைவமாச்சே நீங்க!"

"உங்கிட்ட யாரு சொன்னது?"

"ஜெர்மனி அம்மாதான். மணி அடிக்கறதுக்கு முன்னாடி தெனம் இங்க வந்துடுமே. உங்களையும் தூரத்துலேருந்து காட்டுச்சு. இதோ, இந்தக் கல்லு மேலதான் உக்காரும். ரெண்டு ப்ளேட் வறுவல், ஸ்வல்ப கொழம்பு. எலும்பக்கூட விடாது."

சின்னராஜ் அந்தக் கல் மேல் உட்கார்ந்தான்.

"அந்தம்மா சைவம். டெலக்ஸ் வந்துச்சு."

"நம்மூருக் கறி வயித்துக்கு ஆகாதுன்னு அங்க டாக்டரு சொன்னாராம். வயித்தத் தொட்டுத் தொட்டுக் காட்டும், 'டாக்டர், டாக்டர்'ன்னு. மொத நா இந்தப் பக்கமா நடந்து வந்துச்சு. வாசன புடிச்சிச்சு. டாக்டர அங்கயே மறந்துடுச்சு."

"இங்க ரெண்டு ப்ளேட் தின்னுட்டு, அப்பறம் எதுக்கு அங்க வந்து எங்கூட அந்தக் கத்தரிக்காய..."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. கொட்டாயில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. மாரம்மா பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"சிரிக்காத சார். நல்ல மனசு அதுக்கு. இன்னைக்குக் காலைலகூட கெளம்பறதுக்கு முன்னாடி ஓடியாந்து, என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, தனக்குத் தெரிஞ்ச பேச்சுல சொல்லிட்டுத்தான் போச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"'சின்னராஜ்கிட்ட சொல்ல பேடா மாரம்மா. தெரிஞ்சா, பாவம், இத்தன நாளும் அந்தக் கத்தரிக்காய அவரு ஒத்தையா தின்ன மாதிரி ஆயிடும்.'"