நீதிபதி வீட்டுப் பேரிக்காய்

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். நலமில்லை என்று எழுதினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்பதால் அப்படி எழுதுகிறேன். கடிதம் கண்டதும் மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தோடு புறப்பட்டு வரவும்.

கொல்லையில் நிற்கும் பேரிக்காய் மரம்தான் விஷயம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பழ ஆராய்ச்சிக்காரர் ஒருவர் நாடாவும் கையுமாக வந்து மரத்தைச் சுற்றி அளக்கிறார், இந்தப் பழைய ரகம் எங்கேயும் இல்லாமல் போய்விட்டதாம், இந்த ஊர் நீதிபதி வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஒன்று நிற்கிறதாம். நான் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்போட்டேன். கல்யாணமான புதிதில் அவர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னது அப்படி: "நீதிபதி வீட்டு மதில் ஏறிக் குதிச்சு, நாய் துரத்தத் துரத்தக் கிளையை ஒடிச்சுட்டு வந்து ஒட்டுக்கட்டினேன்டி. வெளியில மூச்சு விட்டுடாதே!" இத்தனை வருஷமும் விடவில்லை.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?" என்று ஆராய்ச்சிக்காரர் கேட்டார்.

"நான் அப்ப பொறக்கவே இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

பழம் எப்படி என்று கேட்டார். அதைச் சொல்வதில் தப்பில்லையே என்று விவரமாகச் சொன்னேன். தோல் துருப்பிடிச்ச தகரம் மாதிரி, மரத்திலேயே விட்டா வெளியே நல்லா இருந்துக்கிட்டே உள்ளே அழுகிடும், கல்லாட்டம் இருக்கும்போதே பறிச்சு வைக்கோல்ல மூடணும், காம்புகிட்ட கட்டைவிரல் அழுந்துற அன்னிக்குத் தின்னா சாறு முழங்கை வரைக்கும் ஒழுகும். சொல்லும்போதே அழுதுவிட்டேன் அண்ணா, அழுத்திப் பார்ப்பது அவர் வேலை, என்னைத் தொடவே விடமாட்டார்.

"நீதிபதி வீட்டிலயும் இதையேதாம்மா சொன்னாங்க" என்று மரத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து உறையில் போட்டுக்கொண்டு போனார். ஒப்பிட்டுப் பார்க்கவாம்! செத்தவரைத் திருடன் என்று சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? தபால்காரர் கதவைத் தட்டினாலும் போலீஸ் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறேன். மரம் இருந்தால்தானே சாட்சி. அறுத்துவிடுங்கள். நான் பார்க்க மாட்டேன், உள்ளே காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. யாரும் எந்த மதிலும் ஏறாமல் நல்லபடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஆராய்ச்சிக்காரர் மறுபடி வந்துவிட்டார். மரத்துக்கு நூறு வயதுக்கு மேலாம். ஒட்டுக்கட்டின தழும்பே கிடையாதாம், விதையிலிருந்து முளைத்த தாய்மரமாம், நீதிபதி வீட்டுக்காரர்கள்தான் அந்தக் காலத்தில் இங்கிருந்து கிளை வாங்கிப் போனார்களாம். அப்படியானால் அவர் ஏறின மதிலும் இல்லை, துரத்தின நாயும் இல்லை! நான் கல்யாணமாகி வந்த அன்றே மரம் கூரைக்கு மேலே நின்றதே, எனக்கு ஏன் தோணலை? ரகத்துக்கு ஒரு பேர் சொல்லுங்கம்மா என்றார். இருந்த ஆத்திரத்தில் "புளுகன்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். ரம்பம் வேண்டாம் அண்ணா. பேரை மாற்றுவதானால் சொல்லி அனுப்பச் சொன்னார். மாற்ற மனசு வரலை.