சூப்பர்வைசர் பாஸான படலம்

வாழ்க இசக்கிபாண்டி! பொருநைநீர் குடித்து வளர்ந்து, பெங்களூர் நெடுஞ்சாலைப் புழுதி குடித்து வாழும் வீரன். இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலையில் நாளொன்றுக்கு நானூறு கதவுகளை உள்ளங்கையால் தடவி, பள்ளம் கண்டால் "ஹோல்டு" என்றும் காணாவிடில் "பாஸ்" என்றும் தீர்ப்பு முழங்கும் நீதிமான்! வல்லக்கோட்டை வேலவனே, அவன் வளர்த்த பூனையின் மூத்திரப்பையைப் பாடப் புகுந்தோம், நாக்குழறாமல் காப்பாயாக.

அப்பூனையாரின் திருநாமம் சூப்பர்வைசர். மதில்நடை மன்னர், மீன்தலை விரும்பி, பிறர் உழைப்பதை அரைக்கண்ணால் மேற்பார்த்துத் தாம் ஒரு துரும்பையும் நகர்த்தாத பெருந்தகை, பெயர்க்காரணம் அதுவே. அத்தகையோரின் சிறுநீர்ப் பாதையைக் குறுமணற் கற்கள் முற்றுகையிட, நான்கு நாளுக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் மருத்துவர் சுகப்பிரியா கத்தியேந்திக் களம்புகுந்து, கற்களைக் களைந்து, குறுவழியைப் பெருவழியாக்கித் தைத்தார். இன்று காலை, சிறுநீர் வடியச் செருகியிருந்த குழாயையும் உருவினார். இனித் தானாகச் சிறுநீர் பிரிந்தால் பிழைப்பு. பிரியாவிடில் மீண்டும் குழாய், மீண்டும் கத்தி. இத்தனையையும் மருத்துவர் ஒரே வரியில் அருளினார்: "பாஸ் பண்ணிட்டா பயமில்ல. மத்தியானம் போன் பண்றேன்."

நண்பகலில் போன் முழங்கியது.

"பாஸ் பண்ணிடுச்சா, பாண்டி?"

வீரன் வாடகை அறையின் தரையில் தவழ்ந்து, கட்டிலடியில் டார்ச் அடித்து, வாலடித் தையலை இழையிழையாக ஆராய்ந்தான். பிசிறில்லை, வீக்கமில்லை.

"பாஸ் மேடம்! ஒரு கொறையும் கெடையாது."

"அப்பாடா!" என்று மகிழ்ந்து போனை வைத்தார் மருத்துவர். வீரனும் மகிழ்ந்து, செகண்ட் ஷிஃப்ட்டுக்கான சாம்பல்நிறச் சீருடையைத் தேய்த்துக் கட்டிலில் விரித்தான்.

அவ்வேளை ஈரத்துணி வாளியைக் கேடயமெனத் தாங்கி மாடியேறி வந்த வீட்டுக்காரம்மாள், வாடகைதாரர் நடுங்கும் கிளியம்மாள், வாசலில் நின்று வினவினாள்.

"இன்னாப்பா, பூனை ஒண்ணுக்குப் போச்சா இல்லியா?"

"அது தெரியலக்கா. டாக்டரம்மாட்ட பாஸ்னு சொல்லிட்டேன்."

"அட இன்னாப்பா நீ! பாஸ்னா அதாம்ப்பா. ஆஸ்பத்திரில எங்க வூட்டுக்காரரையும் அப்டித்தான கேட்டாங்க!"

"அய்யய்யோ! நான் தையலையில்லா பாஸ் பண்ணுனேன்!"

ஐந்தாண்டில் ஒரு கோணல் கதவைக்கூடத் தப்பவிடாத நெஞ்சம் அக்கணமே ஒடிந்தது. இந்த ஊரில் ஷிஃப்ட் முடிந்து வருபவனை வாசலில் எதிர்பார்க்கும் உயிர் அப்பூனை ஒன்றுதான். அதைப் போய்ச் சோதிக்காமல் பாஸ் போட்டுவிட்டானே! மருத்துவரைப் போனில் அழைத்தான். "ரெண்டு மணி வரைக்கும் பாருங்க. வரலன்னா உடனே தூக்கிட்டு வாங்க" என்று ஆணை பிறந்தது. தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வருவதும் இரண்டு மணிக்கே.

மூண்டது போர். பூனை வழக்கமாக ஒண்ணுக்குப் போகும் தட்டின் மணல் தையலில் ஒட்டும் என்பதால், செய்தித்தாளைக் கிழித்து அதில் மலையெனக் குவித்தான். சூப்பர்வைசர் முகர்ந்து, கொட்டாவி விட்டு, கட்டில்மீது தாவி ஏறினார். தண்ணீர்க் குழாயைச் சொட்டவிட்டான், அவர் காதை மட்டும் திருப்பினார். இறுதியாக, கைக்குழந்தையை ஒண்ணுக்கு விடும் தாயரெல்லாம் கையாளும் "உஸ்ஸ்ஸ்" என்னும் அஸ்திரத்தை வீரன் தொடுக்க, வாசலிலிருந்து கிளியம்மாளும் சேர்ந்து தொடுக்க, அறையெங்கும் ஆயிரம் குக்கர்கள் சீறின. அந்தோ! அவ்வோசையில் முட்டிக்கொண்டு வந்தது வீரனுக்கே. தொடையிறுக்கி, பல்கடித்து, ஒன்றே முக்கால் தொட்டு இரண்டு அடிக்கும்வரை தாக்குப்பிடித்தவன், இனி ஒரு நொடியும் ஆகாதென்று புறமுதுகிட்டுக் கழிவறைக்கு ஓடினான்.

"ஏ பாண்டி! ஓடியா! பாஸ் ஆயிடிச்சி!"

பாதியில் பாய்ந்து வந்து கண்டான் வீரன்: தேய்த்து விரித்த சீருடையின் மார்பில், அவன் பெயர் தைத்த எழுத்துகளின்மேல், அணையுடைத்த பொன்வெள்ளம் தடையின்றி, சொட்டுச் சொட்டாகவன்றிச் சீராகப் பாய்ந்து பரவ, அரைக்கண் மூடி வீற்றிருந்தார் சூப்பர்வைசர். வாலடியை நோக்கி வீரன் கைகூப்பினான், கண்கள் கலங்கின, "பாஸ்!" என்று தெருவெங்கும் கேட்க முழங்கினான், தெருமுனையில் ஹாரன் சங்கென எழுந்து, தேய்ந்து, மறைந்தது.

பூனை ஒண்ணுக்குப் போய்விட்டது, பஸ்ஸும் போய்விட்டது.