ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தொடர்பாகச் சம்பந்திக்கு

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அந்தோணி அவர்களுக்கு, தங்கள் சம்பந்தி சாலமோன் வணக்கமாய் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும், கிரேஸும், மகள் ஏஞ்சலினும், தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான ஸ்டீபனும் சுகம். ஏஞ்சலினுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்று மாங்காய் ஆரம்பித்திருக்கிறது. அங்கே திருவள்ளூரில் தாங்களும், சம்பந்தியம்மா கிறிஸ்டினாவும், அவர்களுடைய முழங்காலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் "அத்த வுடுங்க சம்பந்தி, பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். மூன்று முறை அப்படி ஆயிற்று. முப்பத்தொரு வருஷம் கம்பெனியில் குவாலிட்டி செக்கராக இருந்தவன் நான், எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும் என்பது என் அனுபவம். கேள்வி ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு லாரி வாங்கினால், அது அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கலாம்? தாங்கள் முப்பது வருஷம் விஜயவாடா லைனில் லாரி ஓட்டியவர். ஒரே ஒரு நம்பர் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

அவசரத்துக்குக் காரணம் தங்களுக்கே தெரியும். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் மாப்பிள்ளையின் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. அதே கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஏற்றுகிற டிரான்ஸ்போர்ட்காரர், சொந்த வண்டியோடு வந்தால் தினம் ஒரு லோடு தருகிறேன் என்கிறார், ஆனால் மாதக் கடைசிக்குள் வண்டி வந்து நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மாப்பிள்ளை துபாய்க்குப் போய்விடுவார். ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டே கொடுத்து வைத்திருக்கிறார், இருபத்தெட்டாம் தேதி மெடிக்கல். போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் வருவாராம், அதற்குள் பிறந்து வளர்ந்த பிள்ளை இவரைப் பார்த்து யார் இந்த அங்கிள் என்று கேட்கும். அதனால் லாரியே வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவாகி, பார்த்து வாங்குகிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பி விட்டார்கள், அங்கேதான் தப்பு நடந்தது.

கம்பெனியில் என் வேலை என்ன? ஒரு கம்பி வரும், அளவுப் பட்டையில் விட்டுப் பார்ப்பேன், உள்ளே போனால் பச்சை ஸ்டிக்கர், போகாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். எவ்வளவு இருக்கலாம் என்கிற நம்பர் டிராயிங்கிலேயே அச்சடித்து மேலேயிருந்து வரும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நம்பரைக்கூட நானாக முடிவு பண்ணியதில்லை. இப்போது லாரி நிற்கிறது, மீட்டர் ஏதோ காட்டுகிறது, டிராயிங் மட்டும் இல்லை. கவரைப்பேட்டை பக்கம் துளசிராமன் என்று ஒரு புரோக்கர், பழைய லாரிகளை யார்டில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார். முதல் நாள் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ஓடிய வண்டியைக் காட்டி, இது கைக்குழந்தை சார் என்றார். டீக்கடையில் விசாரித்தால் ஒருத்தர் இரண்டு லட்சத்துக்கு மேல் தொடாதே என்கிறார், இன்னொருத்தர் ஐந்து லட்சத்துக்கு அப்புறம்தான் இஞ்சினுக்கு நிதானமே வரும் என்கிறார். சரி, எதற்கு வம்பு என்று கைக்குழந்தையை வேண்டாம் என்றேன்.

அடுத்து ஒரு வண்டி, தொண்ணூற்றிரண்டாயிரம்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெக்கானிக் முனுசாமியைக் கூட்டிப்போனேன். அவர் மீட்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, குனிந்து கிளச் பெடலைத் தடவிப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து இரும்பு மினுங்குகிறது, டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்த பள்ளம் கிணறு மாதிரி இருக்கிறது. லேப்டாப்பைச் சொருகினால் பத்து நிமிஷத்தில் நம்பரை மாற்றிவிடலாம் என்றார் முனுசாமி. அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் வரவில்லை. அதிகம் காட்டினால் கிழவண்டி, குறைவாகக் காட்டினால் பொய்வண்டி என்று ஆகிவிட்டது. ஆகவே இரண்டு லட்சத்து எண்பதுக்கும் மூன்று லட்சத்துக்கும் நடுவில் மட்டும் பார்ப்பது என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். நாலாம் நாளே இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. நான் நினைத்த நம்பர் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று சந்தேகம் வந்து அதையும் வேண்டாமென்றேன்.

அதற்கப்புறம் நடந்ததைத் தாங்கள் வேறு வாயால் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரிட்டையர் ஆன அன்று ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது, அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். யார்டில் ஒரு பதினாலடி வண்டி, சொந்தக்காரரே பக்கத்தில் நின்று, "அஞ்சு லட்சத்து பன்னண்டாயிரம் ஓடிகீது சார், அத்தினியும் நான் ஓட்டுனதுதான்" என்று தைரியமாகச் சொன்னார். அந்த நம்பரைக் கேட்ட மாத்திரத்தில் என் கை தானாகப் பைக்குள் போய், முன்கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது. கெட்ட எண்ணம் கிடையாது, பழக்கதோஷம். அது கம்பெனி பசை, லேசில் வராது. மண்ணெண்ணெய் போட்டும் பாதிதான் வந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இது பேங்க்காரன் ஜப்தி பண்ணின வண்டியா என்று கேட்டுவிட்டு நகர்கிறார்களாம். இனி வாங்குவதாக இருந்தால் மட்டும் வரவும் என்று துளசிராமன் கைகூப்பிச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நிலாவுக்கே மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம்தானாம். இந்த வண்டி நிலாவுக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில் நிற்கிறது, மாப்பிள்ளையை அந்தரத்தில் இறக்கிவிட்டால் யார் பொறுப்பு? அப்படியே நான் கம்பெனிக்குச் சைக்கிள் மிதித்ததையும் கூட்டினேன், ஒரு லட்சத்து முப்பதாயிரம் வந்தது. இதைச் சத்தமாகச் சொன்னது என் தப்பு. கிரேஸ் என் கண் ஆபரேஷனையும் விழுந்த இரண்டு பல்லையும் எண்ணிக் காட்டி, "எங்கப்பாரு உன்ன மீட்டர் பாத்தா புட்ச்சாரு?" என்று கேட்டாள். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, மூன்று வாரமாக ஒவ்வொரு யார்டுக்கும் என் கூட வந்து, நான் வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் பைக்கைத் திருப்புகிறார். போன சனிக்கிழமை வரும் வழியில் மட்டும், "மாமா, தேதி நெருங்கிகினு வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். நாலு லட்சம் சரி, நாலரை கூடாது என்று நான் ஆரம்பித்தேன். ஏஞ்சலின் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நைனா, அது ஓடுன கிலோமீட்டருக்கா நீ பயப்படுற? அவரு இனிமே ஓட்டப்போறதுக்குத்தான பயந்துகினு கீற."

சம்பந்தி, அதுக்கு மேல எனக்கு சோறு எறங்கல. அவ சொன்னது நெசம். நம்ம ஊட்டுலருந்து பார்த்தா லாரிங்க போற ஜி.என்.டி. ரோடு தெரியுது, ஆம்புலன்ஸ் சத்தம் கேக்காத நாள் கெடையாது. முந்தியெல்லாம் அது காதுல வுழுந்தா வுழுந்துட்டுப் போவும். லாரி பேச்சு எடுத்ததுலருந்து ஒவ்வொரு தபாவும் எழுந்து கேட் வரைக்கும் போய்ட்டு வரேன். துபாய்னா உங்க புள்ளைய நாம பாக்க முடியாது, லாரின்னா தெனமும் ரோட்டுல வுட்டுட்டு பாத்துகினு இருக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல, அதான் மீட்டரைப் புடிச்சிகினு தொங்குறேன். நீங்க விஜயவாடா போய்ட்டு வர்ற வரைக்கும் சம்பந்தியம்மா இத்தினி வருசம் ஊட்டுல எப்படி இருந்தாங்க, அதைக் கேட்டு எழுதுங்க. ஆனா மொதல்ல நம்பர். நம்பர் கையில இருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்.

மன்னிக்கவும், எழுத்து எங்கேயோ போய்விட்டது. சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு எங்கள் ஜெபத்தில் தினமும் இடம் உண்டு, பிறக்கப்போகிற சிசுவுக்குத் தங்கள் ஜெபத்தில் ஓர் இடம் வைக்கவும். இரண்டு வீட்டின் மேலும் கர்த்தருடைய கை இருக்கட்டும். தங்கள் நம்பரை எதிர்பார்த்து,

சம்பந்தி
சாலமோன்

பி.கு.: இன்று சனிக்கிழமை, ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டி ஸ்டாம்பு வாங்கக் கிளம்பினேன், தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. முன்கண்ணாடியில் பாதிச் சிவப்பு ஸ்டிக்கர். ஓட்டுவது மாப்பிள்ளை, பக்கத்தில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு கிரேஸ். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே முனுசாமியை வைத்துப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம். ஸ்டிக்கருக்குப் பயந்து வேறு யாரும் கிட்டே வராததால் துளசிராமன் விலையைக்கூடக் குறைத்தாராம். ஏஜென்டிடமிருந்து பாஸ்போர்ட்டும் திரும்பி வந்துவிட்டது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன், சொன்னால் எங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவாய் என்றாள் கிரேஸ்.

ஆகவே நம்பர் வேண்டாம். வேறொன்று வேண்டும். திங்கட்கிழமை முதல் லோடு. அந்தத் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கீழே ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஆளாக நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமனார் கிளீனரா என்று மாப்பிள்ளை கூச்சப்பட்டார், ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்டைப் பார்ப்பதைவிட வண்டியில் அவர் பக்கத்தில் உட்காருவது எனக்குத் தேவலை. மாலையில் தெருவில் ஒத்திகை பார்த்தோம். மாப்பிள்ளையை வா, போ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "மாப்ள, சித்த லெப்ட்ல ஒடிச்சி வந்தீங்கன்னா" என்று மரியாதையாக ஆரம்பித்து நான் முடிப்பதற்குள் தெருக்குழாய் சாய்ந்துவிட்டது.

நாளை சர்ச் முடிந்து வண்டியைத் தங்களுக்குக் காட்ட மாப்பிள்ளை வருகிறார், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. வண்டி பின்னால் வருகிற நேரத்தில் மட்டும் தங்கள் மகனை வாடா, ஒடிடா, நிறுத்துடா என்று நான் கத்திக்கொள்ளலாம் என்று, பெற்றவர் என்கிற முறையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தனுப்பவும். அவர் பிரித்துப் படிக்காதபடி நன்றாக ஒட்டிக் கொடுக்கவும்.