படமே எடுக்காத கேமரா

"என் ரோலை கேமராவுக்குள்ள யாரோ பிலிம் போட்டிருக்காங்க."

வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்ட தொனியில் சொன்னார் எக்கார்ட். கையில் சிகரெட் பெட்டி அளவே உள்ள கேமரா. ஜெர்மனியின் இதே பிரவுன்ஷ்வைக் ஊரில் ஐம்பது வருஷத்துக்கு முன் செய்தது. அதன் அடிப்பக்கத்து முள், பதினேழு படம் எடுத்தாயிற்று என்று காட்டியது.

ஆஸ்பரகஸ் தண்டுகளின் தோலைச் சீவிக்கொண்டிருந்த மனைவி கெசா நிமிரவில்லை. "பதினேழுதானா?"

"பதினேழுதானாவா? சனிக்கிழமை கேமராச் சங்கக் கண்காட்சி, அதுக்காகத்தான் பெட்டியையே திறந்தேன். இதுக்குள்ள பிலிமே போனதில்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். மானம் போகப்போகுது."

அவரிடம் நாற்பத்தியொரு கேமரா, எல்லாம் பழைய அட்டைப்பெட்டியோடு. திறந்தால் மவுசு குறையும் என்று பெட்டியைக்கூடக் கையுறை போட்டுத்தான் தொடுவார். கெசா பாட்டுக் குழுவோடு வடகடல் தீவுக்குப் போகும்போதெல்லாம், பெட்டிகளுக்குக் காவலாக இவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

நேராக மாடி வீட்டு ஹென்னிங்கிடம் போனார். கிறிஸ்துமஸுக்கு இருவரும் வெளியூர் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி வாங்கியவர் அவர்தான்.

"தண்ணி ஊத்தத்தானே சாவி கொடுத்தேன்?"

"என்னைத் திருடன்ங்கறீங்களா? இந்தாங்க சாவி. இனிமே உங்க பார்சல் எதையும் நான் வாங்கி வைக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். நாற்பத்திரண்டாவது கேமரா வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று.

அடுத்து சங்கச் செயலாளர் பெர்ண்டுக்குப் போன் போட்டார். "போன மாசம் என் ரோலையை ரொம்ப நேரம் வெச்சுப் பார்த்தது நீதானே?"

"மூடின பெட்டியைத்தான்யா பார்த்தேன். ஆமா, உள்ள பிலிமா இருக்கு? அப்போ அது புழங்கின சரக்கு. கண்காட்சிப் பட்டியல்லேர்ந்து உன் பேரை அடிச்சுடறேன்."

எக்கார்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. யார் எடுத்தது என்று அந்தப் படங்களே சொல்லட்டும் என்று பிலிமைச் சுருட்டி எடுத்துத் தெருமுனை போட்டோ கடையில் கொடுத்தார். இத்தனை கேமரா வைத்திருந்தும், பிலிம் கழுவ அவர் கடையேறியது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து, குடும்பப் பெயரைச் சொல்லிக் கவரை வாங்கி அங்கேயே பிரித்தார். கடல். கடற்பறவை. பாதி கடித்த மீன் பன். கடைசிப் படத்தில் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால், தலைமுடி பறக்க, வாய்விட்டுச் சிரிக்கும் கெசா. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

ரோலை தீவுக்குப் போயிருக்கிறது. இவர் காலிப் பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறார்.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "அட, கெசாம்மா. நம்ம கடை வாடிக்கைதான். ஒவ்வொரு தடவையும் வேற வேற கேமராவுல எடுத்துட்டு வருவாங்க."

"எத்தனை வருஷமா?" என்று கேட்டார் எக்கார்ட்.

"அது இருக்கும் ஆறு வருஷம். உங்க குடும்பப் பேரும் அதே பேரா இருக்கே, அவங்க வீட்டுக்காரரோட அண்ணனா நீங்க? பாவம், அவர் செத்தப்புறம்தானே அந்தப் பெட்டிகளையே திறக்க முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்க."