அரசருக்கு முதுகு காட்டாத படை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் வலது கை மேல் ஆணையாகச் சொல்கிறேன். எழுதுகிற கை அதுதான். நடந்ததெல்லாம் அரண்மனை மண்டபத்தில் என் கண்ணெதிரே நடந்தது. கண்ணாடி வேறு போட்டிருந்தேன்.

ஏழு மதகுகள் கொண்ட ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் பேரொளிப் பெருமான். ஏழாவது மதகின் தண்ணீர் எங்கள் கடைமடை வயல்களைக் கடந்துதான் பக்கத்துக் கீழைநாட்டுக்குப் போகும். அந்த மதகு யாருக்கு என்பதில் இரு நாட்டுக்கும் ஓயாத வழக்கு. முன்பெல்லாம் இதற்காக ஆளை ஆள் வெட்டிக்கொண்டார்கள். இரு நாட்டுப் பெண்களும் ஒரே நாளில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்த பிறகு, போரை மேசைக்கு மாற்றினார்கள்.

மேசையில் களிமண் குன்று, களிமண் மதில். கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகள் படை. பகடை உருட்டி, கோல் வைத்து அளந்து நகர்த்துவார்கள். ஒவ்வொரு பொம்மையும் இன்னார் என்று எதிரி பார்த்ததும் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாத ஆள் களத்தில் இறங்க முடியாது. மதிலுக்கு மேல் தெரிகிற ஆளை அம்பால் அடிக்கலாம். முதுகில் விழும் அடிக்கு இரட்டை மதிப்பு. அரசர் சாய்ந்தால் போர் முடிந்தது. ஆண்டுக்கு ஒரு போர். வென்றவருக்கு ஓராண்டு மதகு.

மூன்று ஆண்டுகளாக வென்றது நாங்கள். அரசருக்கு நன்றி. அவர் மதகை அடைத்து, தண்ணீரைத் தம் தாமரைக் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார். குளத்தில் அவர் உருவம் முழுசாகத் தெரிந்தது. கடைமடையில் மூன்று ஆண்டும் நாற்று கருகியது.

எங்கள் படைக்குப் பொம்மை வார்ப்பவள் சிட்டம்மா. கடைமடைக்காரி. இந்த ஆண்டும் தண்ணீர் வராவிட்டால் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவள் வீட்டில் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

தொழிலில் கெட்டிக்காரி. "மூஞ்சி கடுகளவுதானுங்க, அதுல என்ன தெரியும்? ஆளு நிக்கிற தினுசுலதான் ஆளு இருக்கான்" என்பாள். அவ்வாண்டு அவள் வார்த்த அரசர் வயிற்றை முன்னே தள்ளி, இடத்தோளைச் சரித்து, யாராவது பார்க்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பி நின்றார். பார்த்தவர்கள் தம்மையறியாமல் எழுந்து நின்றார்கள்.

பொம்மைத்துறை அமைச்சர் தாமோதரனார் மட்டும் எழவில்லை.

"இந்தத் தொப்பை யாருடையது?"

"அரசரோடதுங்க."

"அரசருக்குத் தொப்பை இல்லை என்று போன மாதமே ஆணை பிறந்துவிட்டதே. தோளையும் நிமிர்த்து."

சிட்டம்மா செதுக்கினாள். தொப்பை போனதும் அரசரும் போய்விட்டார். அரண்மனைச் சமையற்காரர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசா சேர்ந்த கணக்கருங்களா?" என்று கேட்டார். அவருக்கு நீண்ட ஓய்வு அளிக்கப்பட்டது.

அடுத்த ஆணை வந்தது. அரசரை உயரத்தால் அடையாளம் காண வேண்டும். மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு. அவ்வளவு ஈயத்துக்கு எங்கே போவது? மீன் வலைகளில் கட்டியிருந்த ஈயக் குண்டுகளைக் கழற்றினார்கள். வீடு வீடாக ரசம் வைக்கும் ஈயச் சொம்புகளை வாங்கிப் போனார்கள். வலைகள் மிதந்தன. ரசம் வெந்நீரானது. அரசர் உயர்ந்தார். நன்றி சொன்னோம்.

"இம்புட்டு ஒசரம்னா மதிலுக்கு மேல தெரிவாருங்களே" என்றாள் சிட்டம்மா.

"தெரியட்டும். தெரிவதற்குத்தானே அரசர்."

அதற்குப் பிறகு சிட்டம்மா எதையும் மறுக்கவில்லை. யோசனைதான் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? அரசர் பின்னாடி நிக்கிறாரு. படை முன்னாடி நின்னுக்கிட்டு அவருக்கு முதுகக் காட்டுது. மரியாதையா இருக்குங்களா?"

தாமோதரனாருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை ஆண்டு இது அவருக்குத் தோன்றவில்லை. அன்றே மூன்றாவது ஆணை: படை முழுவதும் அரசர் பக்கம் திரும்பிக் கும்பிட்டு நிற்க வேண்டும்.

"கும்புடுற கையில வாளு எப்படிங்க?"

"வாளைக் கீழே வை."

"குதிரைங்க?"

"விசுவாசத்தில் குதிரைக்கு விலக்கு கிடையாது."

போர் நாள். கீழைநாட்டுத் தளபதி கொற்றையன் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு மேசைக்குக் குனிந்தார். அவருக்குத் தெரிந்தவை வெறும் முதுகுகள். ஆனால் வார்த்தது சிட்டம்மா அல்லவா? ஒவ்வொரு குனிவிலும் ஆள் இருந்தார்.

"இடுப்பு மட்டும் வளைஞ்சிருக்கவரு கருவூல மந்திரி. முழங்காலத் தொடுறவரு நம்ம தாமோதரனார். நெத்திய தரையில வச்சிருக்கவரு போன மாசம் எங்க நாட்டுலேருந்து உங்ககிட்ட ஓடியாந்தவரு. நெட்டையா நிக்கிறவர நான் சொல்லணுமா?"

தாமோதரனார் பெருமையோடு தலையசைத்தார்.

கொற்றையன் பகடையை உருட்டினார். முதல் அம்பே மதிலுக்கு மேல் தெரிந்த மார்பில் பட்டது. மூன்று மடங்கு ஈயம். சாய்ந்தபோது, கும்பிட்டுக்கொண்டிருந்த நான்கு அமைச்சர்களையும் ஒரு குதிரையையும் நசுக்கிக்கொண்டு சாய்ந்தார். கொற்றையனுக்குப் பொடி காரம் ஏறித் தும்மல் வருவதற்குள் போர் முடிந்துவிட்டது.

தாமோதரனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பெருமானே, ஏழாவது மதகைக் கீழைநாட்டுக்குக் கொடையாக வழங்கிவிட்டீர்கள்."

அரசர் சிறிது யோசித்தார். "ஆம். வழங்கினோம்."

மூன்று நாள் வெற்றி விழா நடந்தது. வெற்றியை நூலாக எழுதவும் ஆணை பிறந்தது.

விழா நடந்துகொண்டிருந்தபோதே கீழைநாட்டார் மதகைத் திறந்தார்கள். அவர்கள் ஊருக்குப் போகிற தண்ணீர் கடைமடையை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். போனது. சிட்டம்மா கட்டிய மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கணுக்கால் சேற்றில் நின்று நாற்று நட்டாள்.

அறுவடை ஆனதும் கடைமடை ஊரே புது அரிசியோடு அரண்மனைக்குப் போயிற்று. கண்ணீர் விட்டு அரசருக்கு நன்றி சொன்னோம். அதில் ஒரு துளியும் பொய்யில்லை. அடுத்த ஆண்டும் இதே போல் வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். மனம் குளிர்ந்த அரசர், அடுத்த போரில் நான்கு மடங்கு நிற்பதாக வாக்களித்தார்.

"அஞ்சா வச்சிக்கலாங்க பெருமானே" என்றாள் சிட்டம்மா. "எட்டத்துலேருந்தும் தெரிவீங்க."

அந்த அரிசியில் எனக்கும் ஒரு படி கிடைத்தது. இன்றும் சாப்பிட உட்காரும்போது அரசரை நினைத்துக்கொள்கிறேன், சிட்டம்மாவையும்.

பேரொளிப் பெருமான் கீழைநாட்டை மேசையிலேயே மண்டியிட வைத்த வரலாற்றை அரசாணைப்படி எழுதிக் கொடுத்ததும் இதே வலது கைதான். அந்த நூலும் சத்தியத்தில்தான் தொடங்குகிறது.