கொடியில் மூன்று நிறச் சட்டை

ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் கியூசி அக்காவுக்குப் பிடித்த பொருள் ஒன்றுகூடக் கிடைக்காது. வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்தாலும் வேலை முடியாது. என் சாம்பார், ஜெசிந்தாவின் தலைவாரல், சிப்காட் பக்கத்து மழை, எல்லாமே ரிஜெக்ட்.

அக்கா, ஜெசிந்தா, கஸ்தூரி, நான், நாலு பேரும் ஒரே வாடகை வீடு. போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு ரகசிய ஏஜென்ட்டுகள் ஒரே வீட்டில் குடும்பம்போல நடிக்கிறார்கள். எனக்கு நகம் கடித்துக் கடித்து விரல்தான் மிச்சம். அக்காவோ ஈரக் கையால் தொடரை நிறுத்துவார்.

"நாலு பேரு ஒரே வீட்ல இருக்கறாங்க. ஒருத்தராச்சும் பாத்ரூம் கதவத் தட்னாங்களாடி? ரிஜெக்ட்!"

"அக்கா, அங்க பாம் வெடிக்கப்போவுது!"

"வெடிக்கட்டும். கேஸ் தீந்துபோச்சுன்னு எந்த எபிசோட்லயாச்சும் சொன்னாங்களா? இவங்கள புடிக்க எதிரி நாட்டு ஆளுங்க எதுக்கு? பக்கத்து வீட்டம்மா போதும்."

இவ்வளவு திட்டினாலும் ஒரு எபிசோடைக்கூடப் பாதியில் விட்டதில்லை. முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் ரிஜெக்ட்.

கடைசி எபிசோடுக்கு உட்கார்ந்த ஞாயிறு காலையில், கஸ்தூரியின் போன் அடித்தது. பேசி முடித்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டாரு. வார்டனப் பாக்கணுமாம். ஹாஸ்டல் அட்ரஸ்னு இந்த வீட்டத்தான் குடுத்து வெச்சிருக்கேன்."

பாரூரில் கரும்பு போடுகிறவர் அவள் அப்பா. கம்பெனி ஹாஸ்டல் என்றால்தான் வேலைக்கு அனுப்புவேன் என்றவர். ஹாஸ்டலில் இடமில்லை என்றதும் இவள் எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. தெரிந்தால் இன்றைக்கே ஊர், தை மாதம் கல்யாணம்.

எனக்குள் இருந்த இயக்குநர் எழுந்தார். "அக்கா, நீங்கதான் வார்டன்!" பீரோ சாவிக்கொத்தை அவர் இடுப்பில் சொருகினேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன்.

"எனக்கு நடிக்க வராதுடி" என்றார் அக்கா. கஸ்தூரி அழுததைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆட்டோவிலிருந்து மாம்பழப் பையோடு அப்பா இறங்கினார். "வணக்கம்மா. வார்டனுங்களா?"

"உக்காருங்க" என்றார் அக்கா. அருமை! ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் மனசுக்குள் கைதட்டினேன்.

அவர் உட்காரவில்லை. துணிக்கொடியையே பார்த்தார். எங்கள் யூனிபார்ம்கள் காய்ந்துகொண்டிருந்தன. நீலம், சாம்பல், மெரூன். சட்டைப் பைகளில் வேறுவேறு கம்பெனி முத்திரை.

"எல்லாரும் ஒரே கம்பெனின்னுதானே சொன்ன, கஸ்தூரி? சட்டை மட்டும் ஏம்மா மூணு கலரு?"

"டிபார்ட்மென்ட் வேற வேறங்கப்பா!" என்று நான் பாய்ந்தேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார். "அப்படிங்களாம்மா?"

அக்கா சட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பிசிறு நிற்கும் உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல.

"இல்லீங்க. இது ஹாஸ்டல் இல்ல. நான் வார்டனும் இல்ல. வாடகை வீடு. நாலு பொண்ணுங்க இருக்கறோம்."



"கஸ்தூரி, பைய எடு" என்றார் அப்பா.

அவள் உள்ளே திரும்பினாள். அக்கா எழுந்து வழியை மறித்தார்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா உள்ள வந்து முழுசாப் பாத்துட்டுப் போங்க. பாக்காம ரிஜெக்ட் பண்ணாதீங்க."

அப்பா உள்ளே வந்தார். அக்கா குறைகளை வரிசையாகக் காட்ட ஆரம்பித்தார். எனக்கு அவர் வாயைப் பொத்தலாம்போல இருந்தது.

"தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பின்கதவு தாழ்ப்பா லூசு, ஓனரு செய்யவே மாட்டேங்கறாரு, அதனால நான் கதவோரமாப் படுத்துக்கறேன். உங்க பொண்ணு சோத்துல பாதிய வெச்சிடுது. கம்பெனி பஸ் வர்ற நேரத்துக்கு முனையில யாராச்சும் ஒருத்தர் நிப்போம். ஒருநாளும் அது தனியா நடந்து வந்ததில்ல."

அப்பா பின்கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது. அதன் கீழே அக்காவின் பாய் சுருட்டிக் கிடந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்குதாம்மா?"

ஜெசிந்தா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தாள். அப்பா பெரிதாகிப்போன திருகாணி ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி அடைத்து, திருகாணியை இறுக்கினார். மறுபடி ஆட்டினார். அசையவில்லை. மகளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"பைய வெச்சிடு. பொய் சொன்னதுக்கு உங்கம்மாகிட்ட நீயே பேசிக்கோ."

கஸ்தூரி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். அக்காதான் போன மாதம் கர்நாடகா பக்கம் வேலை மாறிப் போய்விட்டார். நேற்று கஸ்தூரியின் அப்பா போன் செய்து, "அந்தப் பொண்ணு போன எடத்துல கதவு தாழ்ப்பா சரியா இருக்குதான்னு கேட்டீங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா எப்படியும் ரிஜெக்ட் என்றுதான் சொல்வார். வருகிற ஞாயிறு நானே போகிறேன், ஸ்க்ரூ டிரைவரோடும் தீப்பெட்டியோடும்.